சார்ட்டில் 500, ரசீதில் 1,000: பழைய பங்கு விலையை எப்படிப் படிப்பது?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பா 2016 கடைசியில் இன்ஃபோசிஸ் பங்குகள் 100 வாங்கினார். தரகர் கொடுத்த ரசீதான கான்ட்ராக்ட் நோட்டில் ஒரு பங்கு 1,000 ரூபாய் என்று இருக்கிறது. அண்மையில் அவற்றை உங்கள் டீமேட் கணக்குக்கு (பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் கணக்கு) மாற்றிக் கொடுத்தபோது 200 பங்குகள் வந்து சேர்ந்தன. செயலியில் சார்ட்டைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தால், அவர் வாங்கிய நாளில் விலை 500 என்று காட்டுகிறது. தரகர் அப்பாவிடம் இரண்டு மடங்கு பணம் வாங்கிவிட்டாரா, பழைய விலைகளில் எதை நம்புவது, விற்றால் வரிக்கு எந்த விலையைப் போடுவது, பழைய விலையைப் பார்த்து இனி என்ன முடிவெடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

தரகர் ஏமாற்றவில்லை. அப்பா கொடுத்தது 1,000 ரூபாய்தான். சார்ட்டில் உள்ள 500 ரூபாயும் பிழையில்லை. இரண்டும் ஒரே நாளின், ஒரே பங்கின் விலைகள். முதலாவது, அன்று சந்தையில் உண்மையில் கைமாறிய பணம். இரண்டாவது, அதற்குப் பிறகு பங்குகளின் எண்ணிக்கை மாறியதைக் கணக்கில் கொண்டு திருத்திய விலை. எந்தப் பங்கின் பழைய விலையைப் பார்த்தாலும், "இந்த விலையில் ஒரு பங்கு என்றால் இன்றைய கணக்கில் எத்தனை பங்கு?" என்று உடனே கேட்டுவிடுங்கள். எண்ணிக்கை தெரியாமல் விலையை மட்டும் பார்ப்பதுதான் இந்த விஷயத்தில் வரும் குழப்பங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம்.

நடந்தது இதுதான். 2018 செப்டம்பரில் இன்ஃபோசிஸ் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தது. 100 பங்கு வைத்திருந்தவருக்கு இன்னொரு 100 பங்கு இலவசமாகக் கிடைத்தது. இலவசம் என்று சொன்னாலும் நிறுவனத்துக்குள் புதிதாக ஒரு ரூபாய்கூட வரவில்லை. அதன் தொழில், லாபம், கையிருப்பு எதுவும் மாறவில்லை. அதே சொத்தை இரண்டு மடங்கு காகிதங்களாகப் பிரித்தார்கள். ஆகவே முந்தைய நாள் 1,400 ரூபாய்க்கு மேல் இருந்த பங்கு, எக்ஸ்-தேதி அன்று, அதாவது போனஸ் உரிமை இல்லாமல் பங்கு வியாபாரமாகத் தொடங்கும் நாளில், 700களில் வியாபாரமானது. யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் சார்ட்டை அப்படியே விட்டால் அந்த இடத்தில் பாதி மதிப்பு ஒரே நாளில் அழிந்துபோனதுபோல ஒரு செங்குத்துச் சரிவு தெரியும். அதைத் தவிர்க்க, விலைத் தரவு தரும் நிறுவனங்கள் அந்த நாளுக்கு முந்தைய எல்லா விலைகளையும் இரண்டால் வகுத்துவிடுகின்றன. அப்பாவின் 1,000 அப்படித்தான் 500 ஆனது. அவரிடம் இருந்த 100 பங்கு 200 ஆகிவிட்டதால், 100 முறை 1,000 என்றாலும் 200 முறை 500 என்றாலும் அதே ஒரு லட்சம்தான்.

இன்ஃபோசிஸ் இந்தப் பாடத்துக்கு மிகப் பொருத்தமான பங்கு. 1993 பிப்ரவரியில் அது பொது வெளியீட்டுக்கு வந்தபோது விலை 95 ரூபாய். வரவேற்பு இல்லாமல், வெளியீடு முழுதாக நிரம்பவில்லை. மார்கன் ஸ்டான்லி 13 சதவீதப் பங்குகளை எடுத்துக்கொண்டுதான் கைகொடுத்தது. அதே ஆண்டு ஜூனில் 145 ரூபாயில் பட்டியலானது. அதன் பிறகு 1994, 1997, 1999 ஆகிய மூன்று ஆண்டுகளில் ஒன்றுக்கு ஒன்று போனஸ். 2000இல் 10 ரூபாய் முகமதிப்பு 5 ரூபாயாகப் பிரிக்கப்பட்டது, அதாவது ஒரு பங்கு இரண்டானது. 2004இல் ஒரு பங்குக்கு மூன்று பங்கு போனஸ். 2006, 2014, 2015, 2018 ஆண்டுகளில் மீண்டும் ஒன்றுக்கு ஒன்று. ஒரு காகிதத்தில் பெருக்கிப் பாருங்கள்: 100 பங்கு 200, 400, 800, 1,600, 6,400, 12,800, 25,600, 51,200 என்று வளர்ந்து 1,02,400 ஆகிறது. அதாவது 1,024 மடங்கு. 95 ரூபாயை 1,024ஆல் வகுத்தால் ஒன்பது பைசாவுக்குச் சற்று மேல் வரும். வெளியீட்டு விலையை இன்றைய கணக்குக்குத் திருத்தினால் அவ்வளவுதான் இருக்கும். அந்தக் காலத்தில் ஒன்பது பைசாவுக்கு இன்ஃபோசிஸ் பங்கு கிடைத்தது என்று சொல்பவர்கள், அப்படி யாருமே அந்தப் பங்கை வாங்கவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை. ஒன்பது பைசா என்பது 1993இல் சந்தையில் இருந்த விலை அல்ல. பின்னாளில் வந்த போனஸ்கள் பழைய விலையின் மேல் வரைந்த கணக்கு அது.

இந்தத் திருத்தத்தில் இரண்டு பின்விளைவுகள் உண்டு. திருத்திய விலை மிகச் சிறியதாகும்போது பைசா அளவில் முழுமையாக்கும் பிழை பெரிதாகிவிடும். 95இலிருந்து 145க்கு உயர்வு என்பது 52.6 சதவீதம். அதையே 0.09 ரூபாய், 0.14 ரூபாய் என்று எழுதிக் கணக்கிட்டால் 55.6 சதவீதம் வருகிறது. அதனால் மிகப் பழைய காலத்துக்குச் சதவீதம் கணக்கிடும்போது திருத்தாத விலையை எடுத்து நாமே வகுத்துக்கொள்வது நல்லது. இரண்டாவது, திருத்திய விலை நிலையானது அல்ல. அடுத்த முறை நிறுவனம் போனஸ் அறிவித்தால் பழைய விலைகள் எல்லாம் மறுபடியும் மாறும். சில ஆண்டுகளுக்கு முன் பதிவிறக்கி வைத்த எக்செல் கோப்பின் அடியில் இன்று பதிவிறக்கியதை ஒட்டினால், நடுவில் நடக்காத சரிவு ஒன்று தோன்றும். ஒட்டாதீர்கள், முழுவதையும் புதிதாக எடுங்கள்.

இதுவரை சொன்னது போனஸும் பங்குப் பிரிப்பும். டிவிடெண்ட், அதாவது நிறுவனம் தன் லாபத்திலிருந்து பங்குதாரருக்குக் கொடுக்கும் பணம், தனிக் கதை. டிவிடெண்டுக்கான எக்ஸ்-தேதியில் பங்கு விலை ஏறத்தாழ அந்தத் தொகை அளவுக்கு இறங்கித் தொடங்கும், ஏனென்றால் அந்தப் பணம் நிறுவனத்தை விட்டு உங்கள் வங்கிக் கணக்குக்குக் கிளம்பிவிட்டது. பெரும்பாலான செயலிகளின் சார்ட் இதைத் திருத்துவதில்லை. சில இடங்களில் மட்டும் டிவிடெண்டையும் சேர்த்துத் திருத்திய விலை தனிப் பத்தியில் இருக்கும். யாஹூ ஃபைனான்ஸில் ஒரே நாளுக்கு இரண்டு இறுதி விலைகள் இருப்பது இதனால்தான்: ஒன்றில் பங்குப் பிரிப்பும் போனஸும் மட்டும் திருத்தப்பட்டிருக்கும், இன்னொன்றில் டிவிடெண்டும் சேர்ந்திருக்கும். 290 ரூபாய்ப் பங்கு 29 ரூபாய் டிவிடெண்ட் கொடுத்தால், முந்தைய விலைகள் எல்லாம் 0.9ஆல் பெருக்கப்படும். அப்படி வரும் எண்ணை எந்தச் சந்தையிலும் எவரும் கொடுத்தது இல்லை. லாப சதவீதம் கணக்கிட மட்டுமே அது உதவும்.

டிவிடெண்டை விட்டுவிட்டால் தீர்ப்பு எவ்வளவு தவறாகும் என்பதற்கு கோல் இந்தியா நல்ல எடுத்துக்காட்டு. 2010இல் 245 ரூபாய்க்கு வெளியிடப்பட்ட பங்கு அது. 2023 மார்ச் இறுதியில் சார்ட்டைப் பார்த்தவருக்கு, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகியும் விலை 245க்குக் கீழேதான் தெரிந்திருக்கும். பணம் கரைந்துவிட்டது என்று முடிவுகட்டியிருப்பார். ஆனால் அந்த நிறுவனம் 2014 ஜனவரியில் மட்டும் பங்குக்கு 29 ரூபாய் கொடுத்தது, அதன் பிறகும் ஆண்டுதோறும் பத்து ரூபாய்க்கு மேல் கொடுத்துவந்தது. போட்ட பணத்தில் பெரும்பகுதி டிவிடெண்டாகவே திரும்பி வந்துவிட்டது. அதைச் சிறந்த முதலீடு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் சார்ட் சொன்ன கதை பாதிக் கதைதான். குறியீடுகளுக்கும் இதே பிரச்சினை உண்டு. ஐம்பது பெரிய நிறுவனங்களின் விலையை வைத்துக் கணக்கிடும் குறியீடான நிஃப்டியில், செய்தியில் சொல்லப்படும் எண்ணில் டிவிடெண்ட் இல்லை. அதனால்தான் மியூச்சுவல் ஃபண்டுகள் தங்கள் வருமானத்தை டிவிடெண்டும் சேர்ந்த மொத்த வருவாய்க் குறியீட்டோடுதான் ஒப்பிட வேண்டும் என்று 2018 பிப்ரவரி முதல் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி கட்டாயமாக்கியது. உங்கள் பங்கை நிஃப்டியோடு ஒப்பிடுவதானால் இரு பக்கமும் டிவிடெண்டைச் சேருங்கள், அல்லது இரு பக்கமும் விட்டுவிடுங்கள்.

கொஞ்சம் ஆர்வத்தோடு ஆராய்பவர்கள் விழும் குழி இன்னொன்று இருக்கிறது. பழைய விலையை அந்தக் கால லாபத்தோடு ஒப்பிட்டு, பங்கு மலிவாக இருந்ததா என்று பார்ப்பார்கள். நல்ல பழக்கம். இன்ஃபோசிஸின் 2016-17 ஆண்டறிக்கையைத் திறந்தால் ஒரு பங்குக்கான லாபம் 62.80 ரூபாய் என்று இருக்கும். 2017 மார்ச் இறுதியில் பங்கு விலை ஆயிரத்தை ஒட்டி இருந்தது. வகுத்தால் சுமார் 16 மடங்கு. ஆனால் இன்றைய சார்ட்டில் அந்த விலை 500ஐ ஒட்டித் தெரியும். அதை எடுத்து 62.80ஆல் வகுத்தால் 8 மடங்கு வந்து, அப்படியொரு நிறுவனம் அந்த விலைக்குக் கிடைத்ததா என்று வாய் பிளக்க வேண்டியதுதான். விலையைத் திருத்தினால் லாபத்தையும் அதே அளவுக்குத் திருத்த வேண்டும். இல்லையென்றால் இரண்டையும் திருத்தாமல் எடுக்க வேண்டும். பழைய ஆண்டறிக்கை யாருக்காகவும் தன்னைத் திருத்திக்கொள்வதில்லை, சார்ட் திருத்திக்கொண்டே இருக்கிறது.

நிறுவனம் இரண்டாகப் பிரியும்போது சிக்கல் இன்னும் கூடும். 2023 ஜூலை 19 அன்று ரிலையன்ஸ் தேசியப் பங்குச் சந்தையில் 2,841.85 ரூபாயில் முடிந்தது. மறுநாள் காலை நடந்த சிறப்பு வர்த்தகத்தில் 2,580 ரூபாய் என்று விலை நிர்ணயமானது, மீதி 261.85 ரூபாய், பிரிந்துபோன ஜியோ ஃபைனான்ஷியல் பங்கின் மதிப்பு. 2024 அக்டோபரில் ரிலையன்ஸ் ஒன்றுக்கு ஒன்று போனஸும் கொடுத்தது. இப்போது அந்த ஜூலை 19இன் விலையை ஒரு சார்ட் 1,421க்கு அருகிலும் இன்னொரு சார்ட் 1,290 என்றும் காட்டலாம். பிரிவினையைத் திருத்தாமல் விட்டது ஒன்று, திருத்தியது இன்னொன்று. அதோடு முடியவில்லை. வரிக் கணக்குக்காக, வாங்கிய விலையில் 95.32 சதவீதம் ரிலையன்ஸுக்கும் 4.68 சதவீதம் ஜியோ ஃபைனான்ஷியலுக்கும் என்று நிறுவனமே அறிவித்தது. சந்தை பிரித்த விகிதமோ கிட்டத்தட்ட 91க்கு 9. சார்ட்டுக்குச் சந்தை விகிதம், வரிக்கு நிறுவனத்தின் விகிதம். ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் கணக்கு தவறும்.

உரிமைப் பங்கு வெளியீட்டுக்கும் (ஏற்கெனவே உள்ள பங்குதாரர்களுக்குப் புதிய பங்குகளை விலைக்குக் கொடுப்பது) இப்படித் திருத்தங்கள் உண்டு, சார்ட்டுக்குச் சார்ட் வேறுபடும். தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி, என்னை மிகவும் கவலைப்பட வைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். "இந்தப் பங்கு ஒரு காலத்தில் 400 ரூபாய் இருந்தது, இப்போது 20 ரூபாய்க்குக் கிடைக்கிறது, மறுபடியும் 400 போகும்" என்ற நம்பிக்கையோடு சேமிப்பைக் கொட்டும் எளிய மனிதர்கள் ஏராளம். பழைய விலையைத் தவறாகப் பயன்படுத்துவதில் இதைவிட விலை உயர்ந்த தவறு வேறில்லை. யெஸ் வங்கியை எடுத்துக்கொள்வோம். 2018 ஆகஸ்டில் அதன் பங்கு 400 ரூபாயைத் தாண்டியது. 2020 மார்ச் 5 அன்று ரிசர்வ் வங்கி அதன் மீது கட்டுப்பாடு விதித்தது. மறுநாள் விலை 5.65 ரூபாய் வரை இறங்கியது. இதுவரை எல்லோருக்கும் தெரியும். சார்ட்டில் தெரியாதது அதன் பிறகு நடந்தது.

2018இல் வங்கியின் மொத்தப் பங்குகள் சுமார் 230 கோடி. 2020 மார்ச்சில் ஸ்டேட் வங்கியும் மற்ற நிதி நிறுவனங்களும் பங்குக்கு 10 ரூபாய் வீதம் 10,000 கோடி ரூபாய் போட்டு அதைக் காப்பாற்றின. அதற்காக 1,000 கோடி புதிய பங்குகள் பிறந்தன. அதே ஆண்டு ஜூலையில் பங்குக்கு 12 ரூபாய் வீதம் இன்னொரு 15,000 கோடி ரூபாய் திரட்டப்பட்டது. அதற்கு 1,250 கோடி புதிய பங்குகள். மொத்தம் 2,500 கோடியை ஒட்டிவிட்டது. பழைய பங்குதாரருக்கு இதில் ஒரு பங்குகூட இலவசமாக வரவில்லை. அதனால் இது போனஸ் அல்ல, சார்ட்டில் எந்தத் திருத்தமும் நடக்காது. 2018இன் 400 ரூபாய் அப்படியே 400 ஆக நிற்கும். ஆனால் அந்த 400 குறித்த வங்கி வேறு, இன்றைய வங்கி வேறு. அன்று 230 கோடிப் பங்குகளை 400ஆல் பெருக்கினால் வங்கியின் சந்தை மதிப்பு 92,000 கோடி ரூபாய். 2,500 கோடிப் பங்குகளோடு விலை மறுபடியும் 400ஐத் தொட வேண்டுமானால் சந்தை மதிப்பு பத்து லட்சம் கோடி ரூபாயாக வேண்டும். அது நாட்டின் மிகப் பெரிய வங்கிகளின் வரிசையில் வைக்கப்படும் தொகை. பழைய மதிப்பான 92,000 கோடியை அந்த வங்கி மீண்டும் எட்டினாலும், பங்கு விலை 37 ரூபாயைக்கூடத் தொடாது. அந்த 400 ரூபாய்க் கோடு சார்ட்டில் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை விட்டுவிட்டு, ஆண்டறிக்கையில் மொத்தப் பங்குகளின் எண்ணிக்கையை ஐந்தாண்டுகளுக்கு எடுத்து வரிசையாக எழுதிப் பாருங்கள். பங்குப் பிரிப்போ போனஸோ இல்லாமல் அந்த எண் பெருகியிருந்தால், பழைய உச்சம் உங்களுக்குப் பொருந்தாத ஓர் எண்.

இதன் மறுபக்கமும் உண்டு. சென்னையின் எம்.ஆர்.எஃப். பங்கு 2023 ஜூனில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியபோது, இந்தியாவிலேயே விலை உயர்ந்த நிறுவனம் என்று சிலர் எழுதினார்கள். அந்த நிறுவனம் பல பத்தாண்டுகளாகப் பங்கைப் பிரிக்கவுமில்லை, போனஸ் கொடுக்கவுமில்லை. மொத்தப் பங்குகளே 42 லட்சத்து சொச்சம்தான். ஒரு பங்கு லட்ச ரூபாய் என்பதற்கும் நிறுவனம் பெரியது அல்லது பங்கு விலை மிகுதியாக ஏறிவிட்டது என்பதற்கும் தொடர்பில்லை.

அப்படியானால் பழைய விலையால் என்னதான் பயன்? நாளைய விலையை அது சொல்லாது. ஆனால் ஒரு பங்கை வைத்திருப்பது எப்படிப்பட்ட அனுபவமாக இருக்கும் என்பதை அது சொல்லும். இன்ஃபோசிஸில் 1993இல் 9,500 ரூபாய் போட்டு அப்படியே வைத்திருந்தவரின் 1,02,400 பங்குகள், பங்கு 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 15 கோடியே 36 லட்சம் ரூபாய். 32 ஆண்டுகளுக்குக் கூட்டு வளர்ச்சி விகிதம் ஆண்டுக்கு 45 சதவீதத்தை ஒட்டி வரும். இந்தக் கணக்கை எல்லோரும் காட்டுகிறார்கள். அதே சார்ட்டில் 2000 தொடக்கத்தின் உச்சியிலிருந்து 2001இன் அடிமட்டம் வரை கோடு போட்டுப் பாருங்கள்: மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போயிருக்கும். 2013 ஏப்ரல் 12 அன்று ஒரே நாளில் சுமார் 21 சதவீதச் சரிவு, காலாண்டு முடிவும் வருங்கால மதிப்பீடும் ஏமாற்றியதால். 2019 அக்டோபர் 22 அன்று சுமார் 16 சதவீதம், நிர்வாகத்தின் மீது உள்ளிருந்து வந்த புகார் வெளியானதால். நாட்டின் மிகச் சிறந்த நிறுவனங்களில் ஒன்றின் சார்ட்டிலேயே இத்தனை நாட்கள் இருக்கின்றன. உங்கள் பங்கின் சார்ட்டில் இப்படிப்பட்ட பெரிய சரிவுகள் ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டு, அந்தத் தேதியில் நிறுவனம் சந்தைக்கு என்ன அறிவித்தது என்று போய்ப் படியுங்கள். எது தற்காலிகத் தடுமாற்றம், எது தொழிலே மாறியதற்கான அறிகுறி என்ற பகுத்தறிவு இதிலிருந்துதான் வளரும். விலையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது கிடைக்காது.

நீண்ட காலச் சார்ட்டைப் பார்க்கும்போது லாக் அளவுகோலுக்கு மாற்றிவிடுங்கள். பெரும்பாலான செயலிகளில் அந்த வசதி இருக்கிறது. சாதாரண அளவுகோலில் இன்ஃபோசிஸின் 1990கள் தரையோடு ஒட்டிய நேர்க்கோடாகத் தெரியும். 2001இன் பெருஞ்சரிவு கண்ணிலேயே படாது. லாக் அளவுகோலில் 10 ரூபாய் 20 ஆவதும் 1,000 ரூபாய் 2,000 ஆவதும் ஒரே உயரம் என்பதால், வீழ்ச்சிகள் அவற்றின் உண்மையான அளவில் தெரியும்.

இன்னொன்று: வெற்றி பெற்றவற்றின் சார்ட்டைத்தான் நாம் எல்லோரும் பார்க்கிறோம். வீட்டுக்கடன் நிறுவனமான டி.ஹெச்.எஃப்.எல்.லின் பங்கு 2021 ஜூனில் சந்தையிலிருந்து நீக்கப்பட்டபோது பங்குதாரர்களுக்குக் கிடைத்தது பூஜ்யம். சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிஃப்டியிலும் சென்செக்ஸிலும் இருந்த நிறுவனம்; 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் கணக்கு மோசடியை ஒப்புக்கொண்ட கடிதம் வெளியானதும் ஒரே நாளில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் மதிப்பு போனது. இன்றைய நிஃப்டியில் உள்ள ஐம்பது நிறுவனங்களின் இருபது ஆண்டுச் சார்ட்டைப் பார்த்து, நல்ல நிறுவனத்தை வாங்கிப் போட்டால் போதும் என்று முடிவெடுப்பவர், இருபது ஆண்டுகளுக்கு முன் அந்தப் பட்டியலில் இருந்த ஐம்பதை எடுத்துப் பார்க்க வேண்டும். விடை வேறாக இருக்கும்.

தரவை எங்கே எடுப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். திருத்தாத விலைக்குத் தேசியப் பங்குச் சந்தையும் மும்பைப் பங்குச் சந்தையும் நாள்தோறும் வெளியிடும் பாவ்காபி கோப்புதான் ஆதாரம். இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அன்றைய தொடக்கம், உச்சம், தாழ்வு, இறுதி விலை, கைமாறிய எண்ணிக்கை எல்லாம் அதில் இருக்கும். போனஸ், பங்குப் பிரிப்பு, டிவிடெண்ட் தேதிகள் அதே தளங்களில் நிறுவன அறிவிப்புப் பக்கத்தில் உண்டு. இன்ஃபோசிஸ் தன் போனஸ் வரலாறு முழுவதையும் தன் முதலீட்டாளர் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. தேசியப் பங்குச் சந்தையில் பங்கு வர்த்தகம் தொடங்கியதே 1994 நவம்பரில்தான், அதற்கு முந்தைய விலைக்கு மும்பைச் சந்தையைத்தான் பார்க்க வேண்டும். நிறுவனத்தின் பெயர் மாறியிருந்தால் பழைய பெயரில் தேடுங்கள். 2011 வரை இன்ஃபோசிஸின் பெயர் இன்ஃபோசிஸ் டெக்னாலஜிஸ். இறுதி விலை என்பது நீண்ட காலமாகக் கடைசி வியாபாரத்தின் விலையாக இல்லாமல், 3 மணி முதல் 3.30 வரை கைமாறிய பங்குகளின் எண்ணிக்கையையும் சேர்த்துக் கணக்கிட்ட சராசரியாக இருந்துவந்திருக்கிறது. செயலியில் பார்த்த கடைசி விலையும் மறுநாள் செய்தித்தாளில் வரும் விலையும் சில பைசாக்கள் வேறுபடுவது அதனால். தாழ்வு விலையை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். 2012 அக்டோபர் 5 அன்று ஒரு தரகு நிறுவனத்தின் தவறான ஆர்டர்களால் நிஃப்டி சில நொடிகளில் 15 சதவீதத்துக்கு மேல் விழுந்து மீண்டது; அந்த நாளின் தாழ்வு விலை, சந்தையின் மனநிலை எதையும் சொல்வதில்லை.

கடைசியாக உங்கள் 200 பங்குகளும் வரியும். அப்பா அன்பளிப்பாகக் கொடுத்ததால் அவர் வாங்கிய தேதியும் விலையும்தான் உங்களுக்கும். செயலியில் வாங்கிய விலை காலியாகவோ, மாற்றிய நாளின் விலையாகவோ இருக்கலாம். அதை வைத்து வரிக் கணக்குப் போடாதீர்கள். 2018 ஜனவரி 31 வரை வாங்கிய பங்குகளுக்கு ஒரு சலுகை உண்டு: அந்த நாளின் உச்ச விலை, நீங்கள் விற்கும் விலை இரண்டில் எது குறைவோ அதை எடுத்து, உண்மையில் வாங்கிய விலையோடு ஒப்பிட்டு, எது அதிகமோ அதை அடக்க விலையாகக் கொள்ளலாம். இங்கேதான் திருத்தாத விலை கட்டாயம் தேவை. அன்று இன்ஃபோசிஸ் 1,100 ரூபாய்க்கு மேல் இருந்தது, இன்றைய சார்ட் அதில் பாதியைக் காட்டும். ஆனால் வரிச் சட்டம் போனஸைச் சார்ட்டைப் போலப் பார்ப்பதில்லை. அப்பா வாங்கிய முதல் 100 பங்குக்கு 2018 ஜனவரி 31இன் முழு விலை கிடைக்கும்; 2018 செப்டம்பரில் வந்த போனஸ் 100 பங்குக்கு அடக்க விலை பூஜ்யம்.

எண்களோடு பார்க்கலாம். அன்றைய உச்ச விலை 1,150 என்றும் நீங்கள் 1,500க்கு விற்பதாகவும் வைத்துக்கொள்வோம். டீமேட்டில் முதலில் வந்தது முதலில் விற்றதாகக் கணக்கு. 100 பங்கு விற்றால் லாபம் பங்குக்கு 350 ரூபாய், மொத்தம் 35,000. நீண்ட கால மூலதன ஆதாயத்தில் ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை என்பதால், வேறு ஆதாயம் இல்லையென்றால் வரியே கிடையாது. அடுத்த நிதியாண்டில் போனஸ் 100 பங்கை அதே விலைக்கு விற்றால் 1,50,000 முழுதும் லாபம், 1.25 லட்சம் போக 25,000க்கு 12.5 சதவீதம், அதாவது 3,125 ரூபாய். இரண்டையும் ஒரே ஆண்டில் விற்றால் லாபம் 1,85,000 ஆகி, வரி 7,500 ரூபாய். செஸ் தனி. சார்ட்டில் தெரிந்த 575ஐ அடக்க விலை என்று எழுதியிருந்தால், முதல் 100 பங்குக்கே 92,500 ரூபாய் லாபம் காட்டியிருப்பீர்கள்.

அந்த ஜனவரி 31இன் உச்ச விலையை இரண்டு சந்தைகளின் கோப்பிலும் பாருங்கள். எதில் அதிகமோ அதை எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பக்கத்தையும், அப்பாவின் கான்ட்ராக்ட் நோட்டையும், போனஸ் பங்குகள் கணக்கில் சேர்ந்த தேதி உள்ள டீமேட் அறிக்கையையும், உங்களுக்கு மாற்றியதற்கான பதிவையும் ஒரே கோப்பில் வைத்து, விற்பதற்கு முன்பே ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள்.